வீணாகும் வெப்பத்தை வேலை வாங்கியவர்



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று பேரவைச் செயலாளர் என்னைப் பிடித்தபோது, கவிதை எழுதிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். கவிதைக்கு ஏற்கெனவே வரிசை நிற்கிறது, வேறு ஏதாவது யோசி என்று சொல்லிவிட்டார். எனக்குத் தெரிந்தது எஞ்சின் ஒன்றுதான். அதனால் எஞ்சினுக்காக வாழ்ந்த ஒரு மனிதரைப் பற்றி எழுதுகிறேன். அவர் பெயர் ஆல்ஃபிரட் பியூகி. சுவிட்சர்லாந்துக்காரர். டர்போசார்ஜரை உலகுக்குத் தந்தவர்.

டீசலைத் தெரியும், ஓட்டோவைத் தெரியும், ஜேம்ஸ் வாட்டைத் தெரியும். எஞ்சின் துறையில் அவர்களோடு சேர்த்துச் சொல்லப்படும் பியூகியை மட்டும் நம்மில் பலருக்குத் தெரியாது. ஆனால் நாம் ஏறி வரும் பஸ், ரோட்டில் போகும் லாரி, கடலில் போகும் சரக்குக் கப்பல் எல்லாவற்றிலும் அவர் மூச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. எனக்கும் இவரைத் தெரியாமல்தான் இருந்தது. நான் செய்த ஒரு தப்புதான் இவரிடம் என்னைக் கொண்டுபோய் விட்டது. முதலில் அந்தத் தப்பைச் சொல்லிவிடுகிறேன்.

ஒரு பட்டன் கதை

நம்முடையது சாண்ட்விச் படிப்பு. முதல் ஆறு மாதப் பயிற்சிக்கு ஒரு வொர்க்ஷாப்பில் இருந்தேன். ஒருநாள் மதியம், எல்லோரும் சாப்பிடப் போயிருந்த நேரம், ஒரு டர்போ டீசல் வண்டி வந்தது. மலைமேல் வீடு உள்ளவர். டேஷ்போர்டில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு சின்னப் பெட்டி. டர்போ டைமர். சாவியை எடுத்த பிறகும் எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஐடிலில் ஓடவிட்டு, அப்புறம் தானே நிறுத்தும். 1 நிமிடம் என்று வைத்திருந்தது.

வண்டிக்காரருக்கு அதுதான் தொல்லை. சாவி கையில் இருக்க எஞ்சின் ஓடுவதைப் பார்த்து, வண்டியை ஆஃப் செய்ய மறந்துட்டீங்க என்று தினமும் யாராவது கதவைத் தட்டுகிறார்களாம். எடுத்துவிடு தம்பி என்றார். நானும் பெரிய மெக்கானிக் மாதிரி பட்டனை அழுத்தினேன். 60, 50, 40 என்று இறங்கி 0 வந்தது. அவருக்கு சந்தோஷம். எனக்கு அதைவிட சந்தோஷம். ஜாப் கார்டில் ஒரு வார்த்தை எழுதவில்லை. போர்மேன் அண்ணனிடமும் சொல்லவில்லை. அந்த ஒரு நிமிடம் எதற்காக இருந்தது என்று எனக்கு அப்போது தெரியாது.

அந்த வண்டி திரும்பி வந்த கதையைப் பிறகு சொல்கிறேன். இப்போ பியூகியிடம் போவோம்.

அவரும் பாலிடெக்னிக்!

1879 ஜூலை 11. சுவிட்சர்லாந்தில் ஜூரிச் நகருக்குப் பக்கத்திலுள்ள வின்டர்தூர் என்ற ஊரில் பியூகி பிறந்தார். அது தொழிற்சாலை ஊர். சுல்சர் சகோதரர்கள் 1834இல் தொடங்கிய பெரிய இயந்திரத் தொழிற்சாலை அங்கேதான். பியூகியின் அப்பா அந்தத் தொழிற்சாலையில் உயர் பொறுப்பில் இருந்தவர். பையன் பாட்டுக் கேட்டு வளர்ந்தானோ இல்லையோ, சம்மட்டிச் சத்தம் கேட்டு வளர்ந்திருப்பான்!

இங்கே ஒரு பொருத்தத்தைப் பாருங்கள். பியூகி பிறந்த அதே 1879இல், அதே ஊரில், அதே சுல்சர் தொழிற்சாலையில் ஒரு மாணவர் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்தார். டைபாய்டு காய்ச்சலால் பரீட்சை எழுத முடியாமல் போய், அடுத்த பரீட்சை வரும்வரை கைவேலை கற்க வந்தவர். பெயர் ருடால்ஃப் டீசல்! பின்னாளில் டீசல் கண்டுபிடித்த எஞ்சினைச் செய்ய சுல்சர் 1893இல் ஒப்பந்தம் போட்டது. 1898இல் சுல்சரின் முதல் டீசல் எஞ்சின் ஓடியது. அந்த ஆண்டில்தான் பியூகிக்கு 19 வயது நிறைந்தது.

அடுத்த ஆண்டு, 1899இல், பியூகி ஜூரிச்சில் இயந்திரவியல் படிக்கச் சேர்ந்தார். இன்று ஈ.டி.ஹெச். என்று உலகம் புகழும் கல்லூரி அது. அந்தப் பெயர் 1911இல் வந்தது. பியூகி படித்தபோது அதற்குப் பெயர் பாலிடெக்னிக்! அது பட்டம் கொடுக்கும் கல்லூரி, நம்முடையது டிப்ளமோ. இருந்தாலும் பெயராவது ஒன்றாக இருக்கிறதே என்று நாம் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம். ஐன்ஸ்டைன் அங்கே படித்து முடித்தது 1900இல். ஒரு வருடம் இருவரும் ஒரே கல்லூரி மாணவர்கள்.

1903இல் பியூகி என்ஜினியராக வெளியே வந்தார். பெல்ஜியத்திலும் இங்கிலாந்திலும் வேலை பார்த்தார். அந்த நாட்களில்தான் ஒரு கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது.

நம்ம லேபில் இருக்கும் கேள்வி

அது நமக்கும் தெரிந்த கேள்விதான். தெர்மல் லேபில் ஹீட் பேலன்ஸ் ஷீட் போடுகிறோமே, ஞாபகம் இருக்கிறதா? ரோப் பிரேக்கில் எடையைப் போட்டு, எரிபொருள் குறையும் நேரத்தைப் பார்த்து, கடைசியில் ஒரு அட்டவணை எழுதுவோம். கொடுத்த வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் வேலையாக மாறும். இன்னொரு பங்கு கூலிங் தண்ணீரோடு போகும். மற்றொரு பங்கு புகையோடு குழாய் வழியே வெளியே போய்விடும். நாம் என்ன செய்கிறோம்? கணக்கு சரியாக வந்தால் கையெழுத்து வாங்கிக்கொண்டு கேன்டீனுக்குப் போகிறோம்.

பியூகி கேன்டீனுக்குப் போகவில்லை. புகையோடு போகும் அந்த வெப்பம் போகத்தான் வேண்டுமா என்று யோசித்தார். புகைக்கு வேகம் இருக்கிறது, அழுத்தம் இருக்கிறது, சூடு இருக்கிறது. அதன் வழியில் ஒரு டர்பைனை வைத்தால் சுற்றாதா? டர்பைன் சுற்றினால் அதனோடு சேர்ந்த ஒரு கம்ப்ரசர் சுற்றாதா? கம்ப்ரசர் காற்றை நெருக்கி சிலிண்டருக்குள் தள்ளினால் கூடுதல் எரிபொருள் எரியாதா? அதே அளவு எஞ்சின் கூடுதல் சக்தி தராதா?

1905 நவம்பர் 16. இந்த யோசனைக்கு ஜெர்மன் காப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பம் போட்டார். பின்னர் அதற்கு 204630 என்ற எண் கிடைத்தது. கம்ப்ரசர், பிஸ்டன் எஞ்சின், டர்பைன் மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக அமைந்த இயந்திரம் அது. டர்போசார்ஜரின் பிறந்த நாள் என்று இன்றும் அந்த நாளைத்தான் சொல்கிறார்கள். அன்று பியூகிக்கு வயது 26. நம்மைவிட ஆறேழு வயது மூத்தவர், அவ்வளவுதான்!

இருபது வருடக் காத்திருப்பு

யோசனை வந்தாச்சு, காப்புரிமையும் கேட்டாச்சு. இனி கார், பங்களா என்று நினைக்கிறீர்களா? அங்கேதான் கதையே இருக்கிறது. காகிதத்தில் ஓடிய டர்போ உருப்படியாக ஓட இருபது வருடம் ஆனது.

காரணம், சூடு. எரியும் புகையில் நின்று சுற்ற வேண்டிய டர்பைன் இலைகள் அந்த வெப்பத்தைத் தாங்க வேண்டும். அன்றைய உலோகங்களுக்கு அது பெரிய சோதனை. இன்னொரு காரணம், அன்றைய டர்பைன்களும் கம்ப்ரசர்களும் கொடுத்ததைவிட விழுங்கியதுதான் அதிகம். புகையிலிருந்து எடுத்த சக்தி காற்றை நெருக்கவே போதவில்லை.

பியூகி 1909இல் நாடு திரும்பி, சொந்த ஊர் சுல்சரில் டீசல் எஞ்சின் ஆராய்ச்சியில் சேர்ந்தார். 1911 முதல் அங்கே சோதனைகள் நடந்தன. 1915இல் வந்த மாதிரி எஞ்சினால் காற்றழுத்தத்தைத் தொடர்ந்து நிலையாகக் கொடுக்க முடியவில்லை. பத்து வருட உழைப்பு, கையில் கிடைத்தது தோல்வி. நமக்கு ஒரு பேப்பர் அரியர் விழுந்தாலே ஒரு வாரம் சோறு இறங்குவதில்லை.

அவர் நிறுத்தவில்லை. 1915இல் இன்னொரு முக்கியமான யோசனைக்குக் காப்புரிமை கேட்டார். வால்வ் ஓவர்லாப் படிக்கிறோமே, அது சம்பந்தப்பட்டது. இன்லெட், எக்ஸாஸ்ட் வால்வுகள் இரண்டும் கொஞ்ச நேரம் சேர்ந்து திறந்திருந்தால், அழுத்தத்தோடு வரும் புதுக்காற்று சிலிண்டரில் மிஞ்சியிருக்கும் சூடான புகையைத் துடைத்துத் தள்ளிவிடும். சிலிண்டர் சுத்தமாகும். அதோடு, போகிற காற்று வால்வையும் பிஸ்டன் தலையையும் டர்பைனையும் குளிரவைக்கும். வெப்பத்தை வேலை வாங்க நினைத்தவர், அந்த வெப்பத்தை எப்படி ஆற்றுவது என்பதையும் சேர்த்தே யோசித்தார். என் மனதில் ஆணி அடித்த மாதிரி பதிந்த இடம் இதுதான்.

இதற்கிடையில் மற்றவர்களும் சும்மா இல்லை. முதல் உலகப் போர்க் காலத்தில் பிரான்சில் ரட்டோ என்ற பேராசிரியர் விமான எஞ்சினுக்கு டர்போ செய்து பார்த்தார். அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியின் சான்ஃபோர்ட் மாஸ், 1918இல் ஒரு விமான எஞ்சினை லாரியில் ஏற்றி, 4,300 மீட்டர் உயரமுள்ள பைக்ஸ் பீக் மலை உச்சிக்கே கொண்டுபோய் சோதித்தார். காற்று மெல்லியதாக இருக்கும் உயரத்திலும் டர்போ இருந்தால் எஞ்சின் சோர்ந்து போகாது என்று காட்டினார்.

கப்பல் ஏறிய வெற்றி

1920களில் காற்று பியூகி பக்கம் திரும்பியது. நீராவி டர்பைன் செய்வதில் கை தேர்ந்த பிரௌன் பொவேரி கம்பெனி, 1924இல் பாடன் நகரிலிருந்து ஒரு பெரிய டர்போசார்ஜரைச் செய்து அனுப்பியது. அது போய்ச் சேர்ந்த இடம் வின்டர்தூரில் இருந்த எஸ்.எல்.எம். என்ற ரயில் எஞ்சின் தொழிற்சாலை. இந்தப் பெயரைப் பார்த்ததும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்குப் பல்சக்கரத்தில் ஏறிய நம் நீலகிரி ரயிலின் பழைய நீராவி எஞ்சின்கள் அந்தத் தொழிற்சாலையில் செய்தவைதான்!

1925இல் பியூகி தன் கடைசி முடிச்சை அவிழ்த்தார். எல்லா சிலிண்டரின் புகையையும் ஒரே பெரிய குழாயில் சேர்த்தால், ஒரு சிலிண்டர் விடும் புகை இன்னொன்றின் வேலையைக் கெடுக்கிறது. அதனால் ஃபயரிங் ஆர்டரைப் பார்த்து, ஒன்றுக்கொன்று இடிக்காத சிலிண்டர்களை மட்டும் சேர்த்து, குறுகலான தனித்தனிக் குழாய்களில் புகையை டர்பைனுக்குக் கொண்டுபோனார். புகை ஒரே சீராக வராமல் துடிப்புத் துடிப்பாக வந்து டர்பைனை அடித்தது. அந்தத் துடிப்பின் சக்தியும் வீணாகவில்லை. இதற்குப் பெயர் பல்ஸ் முறை.

பலன் உடனே தெரிந்தது. பால்டிக் கடலில் ஓடுவதற்காகக் கட்டிய ப்ராய்சன், ஹன்சஸ்டாட் டான்சிக் என்ற இரண்டு ஜெர்மன் பயணிகள் கப்பல்களில் பத்து சிலிண்டர் டீசல் எஞ்சின்கள். டர்போ இல்லாமல் 1,750 குதிரைத்திறன் தரக்கூடியவை, டர்போவோடு 2,500 தந்தன. கணக்குப் போட்டுப் பாருங்கள், 40 சதவீதத்துக்கும் மேலே! அதே சிலிண்டர், அதே பிஸ்டன். கூடுதலாக வந்தது, அதுவரை வானத்துக்குப் போன புகையின் சக்தி.

1926இல் பியூகி, பிரௌன் பொவேரி, எஸ்.எல்.எம். மூவரும் சேர்ந்து ஒரு கூட்டமைப்பு தொடங்கினார்கள். பொறியியலும் வாடிக்கையாளரும் பியூகி பொறுப்பு. டர்போ செய்வது பிரௌன் பொவேரி. எஞ்சின் கொடுத்து சோதனை நடத்துவது எஸ்.எல்.எம். அதன் பிறகு உலகமெங்கும் கப்பல்களிலும் மின் நிலையங்களிலும் ரயில்களிலும் டர்போ ஏறியது. 1938இல் சுவிட்சர்லாந்தின் சாரர் கம்பெனி லாரிக்கும் அதைக் கொண்டுவந்தது. பிரௌன் பொவேரியின் அந்த டர்போ பிரிவு, கம்பெனிகள் கைமாறி, பெயர் மாறி, 2022 முதல் அக்செலரான் என்ற பெயரில் அதே பாடன் நகரில் இயங்குகிறது.

1959 அக்டோபர் 27இல், பிறந்த அதே வின்டர்தூரில், 80ஆவது வயதில் பியூகி மறைந்தார்.

கார் மட்டும் அவர் பார்க்கவில்லை

கடைகளில் விற்கும் காரில் டர்போ வந்தது 1962இல். ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயர், ஷெவர்லே கார்வேர் என்ற இரண்டு அமெரிக்கக் கார்கள். பியூகி இறந்து மூன்றாவது வருடம். ஜெட்ஃபயர் காரில் எஞ்சின் நாக் ஆகாமல் இருக்க, தண்ணீரும் மெத்தனாலும் கலந்த ஒரு திரவத்தைத் தனித் தொட்டியில் ஊற்ற வேண்டும். பலர் ஊற்ற மறந்தார்கள். கார்கள் படுத்தின. கடைசியில் டர்போவையே கழற்றிக் கொடுக்கும் நிலை கம்பெனிக்கு வந்தது. கப்பலில் டர்போவைப் பார்த்துக்கொள்ளத் தனி என்ஜினியர் இருக்கிறார். காரில் யார் இருக்கிறார்கள்? சாவியைத் திருகிவிட்டு இறங்கி நடக்கும் நாம்தான்!

திரும்பி வந்த வண்டி

இப்போது என் கதைக்கு வருகிறேன். இரண்டாவது பயிற்சிக்கு அதே வொர்க்ஷாப் கிடைத்தது. ஒருநாள் காலை நீலப் புகை கக்கிக்கொண்டு ஒரு வண்டி உள்ளே வந்தது. பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. அதே வண்டி. டைமரில் அதே 0.

டர்போவைக் கழற்றினோம். ஷாஃப்ட் கையில் ஆடியது. பேரிங் ஹவுசிங்கைத் திறந்தால், அடிப்பிடித்த பால் பாத்திரம் மாதிரி கருகிய ஆயில். சுரண்டினால்தான் வந்தது. போர்மேன் அண்ணன் விளக்கினார். மலை ஏறும்போது டர்பைன் பக்கம் புகை 600, 700 டிகிரி செல்சியஸ் சூட்டைத் தொடும். பெட்ரோல் வண்டி என்றால் 900ஐயும் தாண்டும். ஷாஃப்ட் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும். அதைத் தாங்கிப் பிடிப்பது மெல்லிய ஆயில் படலம் மட்டும்தான். ஏறி முடித்த கையோடு எஞ்சினை நிறுத்தினால் ஆயில் பம்ப் நின்றுவிடும், ஆனால் சூடு நிற்காது. டர்பைன் ஹவுசிங்கிலும் மேனிஃபோல்டிலும் இருக்கும் சூடு மெதுவாக ஷாஃப்ட் வழியே பேரிங்குக்கு வரும். அங்கே தேங்கி நிற்கும் ஆயில் வறுபட்டுக் கரியாகும். ஒருநாளில் ஆகாது. தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ஆகும்.

அந்த ஒரு நிமிடம் இதற்காகத்தான் இருந்தது. எஞ்சின் ஐடிலில் ஓடும்போது புகையின் சூடு இறங்குகிறது, ஷாஃப்டின் வேகம் குறைகிறது, ஓடும் ஆயில் சூட்டைக் கழுவிக்கொண்டு போகிறது.

டைமரை 0க்கு வைத்தது யார் என்று அண்ணன் கேட்டார். யாருக்கும் தெரியாது. சொல்லாமல் இருந்தால் யாருக்கும் தெரியப்போவதும் இல்லை. தொண்டை வறண்டு போனது. நான்தான் அண்ணே என்றேன். திட்டுவார் என்று நினைத்தேன். வண்டிக்காரர் ஆயில் மாற்றுவதையும் தள்ளிப்போட்டிருக்கிறார், தப்பு முழுக்க உன்னுடையது இல்லை என்றார். ஆனால் ஏன் இருக்கிறது என்று தெரியாத எதையும் மாற்றாதே, மாற்றினால் ஜாப் கார்டில் எழுது என்று சொன்னார். வண்டிக்காரர் வந்ததும் என்னையே போய்ச் சொல்லச் சொன்னார். சொன்னேன். அவர் முகத்தைப் பார்த்துச் சொன்ன அந்த இரண்டு நிமிடம், வைவாவைவிடக் கஷ்டமாக இருந்தது.

புது டர்போ மாட்டியதும் டைமரை நானே செட் செய்தேன், இந்த முறை அண்ணனைக் கேட்டுக்கொண்டு. உங்களுக்கும் உதவும் என்று எழுதுகிறேன். வண்டியோடு வரும் கையேடு சொல்வதுதான் முதல் விதி. பொதுவாக, ஊருக்குள் மெதுவாக ஓட்டி வந்தால் 30 விநாடி போதும். நெடுஞ்சாலையில் விரட்டி வந்தால் ஒன்று, இரண்டு நிமிடம். பாரத்தோடு மலை ஏறி உடனே நிறுத்தினால் மூன்று நிமிடம் வரை. கடைசி ஒன்றிரண்டு கிலோமீட்டர் நிதானமாக ஓட்டி வந்தால் பாதி வேலை வழியிலேயே முடிந்துவிடும். அதிகம் வைத்தால் அதிக நன்மை என்று பத்து நிமிடம் வைப்பதும் வீண், டீசல்தான் தீரும்.

இன்னும் மூன்று விஷயம். டைமர் ஓடும்போது வண்டி நியூட்ரலில்தான் நிற்கும், அதனால் ஹேண்ட் பிரேக்கை இறுக்கிப் போட வேண்டும், சரிவில் சக்கரத்துக்குக் கல் வைக்க வேண்டும். டைமரின் ஹேண்ட் பிரேக் வயரைக் கட்டாயம் இணைக்க வேண்டும், பிரேக்கை யாராவது எடுத்துவிட்டால் எஞ்சின் நிற்பதற்காக. மூடிய ஷெட்டுக்குள் ஓடவிடவே கூடாது, கார்பன் மோனாக்சைடு ஆளையே கொன்றுவிடும். இப்போது வரும் பல கார்களில் பேரிங் ஹவுசிங்கைச் சுற்றித் தண்ணீர் ஓடுகிறது, எஞ்சின் நின்ற பிறகும் சூடான தண்ணீர் மேலே எழும்பித் தானே சுழன்று குளிரவைக்கிறது. அவற்றுக்குத் தனி டைமர் பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. ஆனாலும் விரட்டி வந்து சட்டென்று நிறுத்தும் பழக்கம் எந்த டர்போவுக்கும் நல்லதல்ல.

முடிவாக…

அந்த வாரம்தான் லைப்ரரிக்குப் போய் டர்போவைக் கண்டுபிடித்தது யார் என்று தேட ஆரம்பித்தேன். பியூகி கிடைத்தார். அவர் 1905இல் கேட்ட கேள்விக்கு 1925இல் பதில் கிடைத்தது. இருபது வருடம் அவர் பொறுத்தார். அவர் தந்த பொருளுக்காக ஒரு நிமிடம் பொறுக்க எனக்குத் தெரியவில்லை.

நண்பர்களே, நாளைக்கு நாம் எல்லோரும் ஏதோ ஒரு வொர்க்ஷாப்பில், ஏதோ ஒரு பட்டன் முன்னால் நிற்கப்போகிறோம். அதில் ஒரு எண் இருக்கும். அந்த எண்ணுக்குப் பின்னால் யாரோ ஒருவரின் இருபது வருடம் இருக்கலாம். அழுத்துவதற்கு முன்னால் ஒரு நிமிடம் பொறுத்து, ஏன் என்று கேளுங்கள். அடுத்த முறை லேபில் ஹீட் பேலன்ஸ் ஷீட் எழுதும்போது, புகையோடு போகும் அந்த வரியைக் கொஞ்சம் நின்று பாருங்கள். ஒரு பாலிடெக்னிக் மாணவர் அதைப் பார்த்துத்தான் உலகத்தின் எஞ்சின்களை மாற்றினார்.

— இறுதியாண்டு, ஆட்டோமொபைல் (சாண்ட்விச்)